150 சிசியிலிருந்து ஸ்போர்ட்ஸ் பைக்: எந்தப் படியில் கால் வைப்பது?

பல்சர் 150, யூனிகார்ன், எஃப்இசட், அப்பாச்சி 160 என்று ஏதோ ஒன்றைச் சில வருஷம் ஓட்டியாகிவிட்டது. வண்டிக் கடன் முடிந்துவிட்டது, சம்பளமும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அடுத்து முழு ஃபேரிங் (என்ஜினை மூடும் வெளி உறை) போட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களிடம் பேசினால் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். யமஹா ஆர்15 எடுக்கவா, கொஞ்சம் சேர்த்துப் போட்டு டிவிஎஸ் ஆர்ஆர் 310 எடுக்கவா, இல்லை ஒரேயடியாக கேடிஎம் ஆர்சி 390, ஏப்ரிலியா என்று போய்விடவா? பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் பெரும்பாலோருக்கு 300 சிசி பக்கம்தான் சரியான இடம் என்பது என் கருத்து. ஏன் என்பதையும், அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. அங்கே ஏ1 உரிமம் வைத்திருப்பவர் 125 சிசி, 11 கிலோவாட் வரைதான் ஓட்டலாம். அடுத்த படியான ஏ2-வில் 35 கிலோவாட் வரை. அதில் இரண்டு வருஷம் ஓட்டிய பிறகோ, 24 வயதானால் நேராகவோதான் எல்லையில்லாத உரிமத்துக்குப் போக முடியும். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. 18 வயதில் எட்டுப் போட்டுக் காட்டிக் கியர் வண்டி லைசென்ஸ் வாங்கினால் ஸ்ப்ளெண்டரும் ஓட்டலாம், 1,340 சிசி ஹயபூசாவும் ஓட்டலாம். படிகளை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். கடன் கொடுக்கும் நிறுவனமும் ஷோரூமும் அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

சிசியை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சரியாகப் புரியாது. எடைக்கு எவ்வளவு சக்தி என்று பார்க்க வேண்டும். பல்சர் 150-க்குச் சுமார் 14 குதிரைத்திறன், எடை 148 கிலோ. டன்னுக்குக் கணக்கிட்டால் 95 வாக்கில் வரும். யமஹா ஆர்15 வி4-க்கு 18.4 குதிரைத்திறன், 142 கிலோ, டன்னுக்கு 130. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இன் 2024 மாடலுக்கு 38 குதிரைத்திறன், 174 கிலோ, டன்னுக்கு 218. கேடிஎம் ஆர்சி 390-க்கு 43.5 குதிரைத்திறன், 172 கிலோ, டன்னுக்கு 253. ஏப்ரிலியா ஆர்எஸ் 457-க்கு 47.6 குதிரைத்திறன், 175 கிலோ, டன்னுக்கு 272. பல்சரிலிருந்து ஆர்15-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆர்ஆர் 310-இல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஏப்ரிலியாவில் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த 47.6 என்ற எண்ணும் தற்செயல் இல்லை, அது சரியாக 35 கிலோவாட். ஐரோப்பிய ஏ2 உரிமத்தின் உச்சவரம்பைத் தொடுகிற வண்டி. அங்கே நடுப்படியின் கடைசி விளிம்பில் இருப்பதை நம் ஊரில் பல்சரிலிருந்து நேராகத் தாவி ஏறுகிறோம்.

இந்த எண்கள் ரோட்டில் எப்படித் தெரியும்? 150 சிசி வண்டியில் நெடுஞ்சாலையில் 80-இலிருந்து 100-க்குப் போக நேரம் எடுக்கும். லாரியை முந்தும் முன் யோசித்து, கியர் இறக்கி, எதிரே நீளமான இடைவெளி கிடைத்தால்தான் போவோம். அந்தத் தாமதமே ஒரு பாதுகாப்பு. பெரிய வண்டியில் அந்த யோசிக்கும் நேரம் போய்விடுகிறது. 120-இல் போகும்போது ஒரு நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறோம். வேகம் 60-இலிருந்து 120 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், இரண்டு மடங்கல்ல. கண்ணும் கையும் இந்தக் கணக்குக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதற்கு முன்பே வண்டியின் சக்தி நம்மைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

முதலில் ஆர்15. 2008-இல் வந்தபோது இந்தியச் சந்தையில் 150 சிசியில் லிக்விட் கூலிங்கும் ஆறு கியரும் முழு ஃபேரிங்கும் சேர்ந்து கிடைப்பது புதுசு. இன்றைய வி4-இல் தலைகீழ் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வது), சில வகைகளில் குவிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவுவது) எல்லாம் இருக்கின்றன. இதில் விவிஏ என்ற அமைப்பு உண்டு. என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 7,400-ஐ (7,400 ஆர்.பி.எம்) தாண்டும்போது வால்வு திறக்கும் விதம் மாறி, மேலே இழுவை கூடும். ஆக இந்த வண்டி அதன் முழுத் திறனைக் காட்ட வேண்டுமானால் என்ஜினை உயர் ஆர்.பி.எம்-இலேயே வைத்து ஓட்ட வேண்டும். எந்த வளைவுக்கு எந்தக் கியர், எப்போது இறக்குவது, உடம்பை எப்படிச் சாய்ப்பது என்று எல்லாவற்றையும் இது கற்றுத்தரும். தவறு செய்தாலும் பெரிதாகத் தண்டிக்காது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நன்றாக ஓட்டத் தெரிந்த ஆர்15-காரரைப் பெரிய வண்டிக்காரர்கள் பலரால் பிடிக்க முடியாது.

ஆனால் நெடுஞ்சாலை இழுவைக்காகத்தான் வண்டி மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்15 ஏமாற்றம் தரும். 14 குதிரையிலிருந்து 18-க்கு வருகிறீர்கள், அவ்வளவுதான். ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி ஷோரூம் வாசலில் நிற்பீர்கள். ஓட்டும் திறமையை வளர்க்க வேண்டும், தினமும் தனியாகத்தான் போய்வருவேன், மைலேஜும் முக்கியம் என்பவருக்கு இது நல்ல தேர்வு. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த தம்பிக்கு வண்டி கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கேடிஎம் ஆர்சி 200-உம் இந்தப் படிதான், 25 குதிரைத்திறன். ஆனால் ஆர்15 அளவுக்கு மென்மையாக ஓடாது.

இப்போது 300 பக்கம் வருவோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆர்ஆர் 310 ஓசூரில் தயாராகிறது. டிவிஎஸ்-உம் பிஎம்டபிள்யூவின் பைக் பிரிவான மோட்டராட்-உம் 2013-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்-உம் அதே குடும்பம். 312 சிசி என்ஜினின் சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்பக்கம் வெளியேறும். இதனால் என்ஜினின் எடையை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தது, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மையும் நீளமாக வைக்க முடிந்தது. வளைவில் நடுங்காமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். 2017 டிசம்பரில் வந்த முதல் மாடல்களில் ஹேண்டிலிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு தெரியும். 2020 மாடலில் அது குறைந்தது, ஓட்டும் முறைகளும் வந்தன. அந்த மாடலில் விளையாட்டு, டிராக் முறைகளில் 34 குதிரைத்திறன். மழை, நகர முறைகளில் 25.8 தான். பலர் இதை விளம்பர அம்சம் என்று ஒதுக்குகிறார்கள். 150-இலிருந்து வருபவருக்கு அதைவிடப் பயனுள்ள பட்டன் வேறு இல்லை. முதல் மூன்று மாதம் நகர முறையிலேயே ஓட்டுங்கள். நான் படி என்று சொல்வதை இந்த வண்டி தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

உட்காரும் விதமும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆர்ஆர் 310-இல் கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க்கிலேயே தனித்தனியாகப் பொருத்திய தாழ்வான கைப்பிடிகள்) இருந்தாலும் ஆர்சி அளவுக்கோ ஆர்15 அளவுக்கோ குனிய வேண்டியதில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் 180 மில்லிமீட்டர். இதே வகுப்பில் கவாசாகி நிஞ்ஜா 300-க்கு 140 மில்லிமீட்டர்தான். பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க ஏறி இறங்கும்போது இந்த 40 மில்லிமீட்டர் என்னவென்று தெரியும். டிவிஎஸ் சர்வீஸ் சென்டர் சின்ன ஊர்களிலும் இருக்கிறது என்பது சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் எதற்கு நிஞ்ஜா 300-உம் யமஹா ஆர்3-உம்? இரட்டைச் சிலிண்டருக்காக. நிஞ்ஜாவின் 296 சிசி ட்வின் (இரட்டைச் சிலிண்டர் என்ஜின்) 39 குதிரைத்திறன் தரும், அதுவும் 11,000 ஆர்.பி.எம்-இல். ஆர்3-க்கு 321 சிசி, 42 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்கில் போனாலும் கை மரத்துப்போகாது, என்ஜின் பட்டுப்போல ஓடும். ஒற்றைச் சிலிண்டர் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் இந்த மென்மைக்கு வராது. நிஞ்ஜாவில் 17 லிட்டர் டேங்க், 780 மில்லிமீட்டர் சீட் உயரம். உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு காலும் நன்றாக ஊன்றும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது, வடிவமும் பழசு. ஆர்3 2023 டிசம்பரில் 4.65 லட்சத்துக்கு வந்தபோது விலை அதிகம் என்று பலரும் ஒதுங்கினார்கள். 2025-இல் ஷோரூம் விலை 3.60 லட்சமாகக் குறைந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. கையில் பணம் இருந்து, பக்கத்தில் சர்வீஸும் இருந்தால், நீண்ட பயணக்காரர்களுக்கு நான் ஆர்ஆர் 310-ஐவிட ஆர்3-ஐத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ட்வின் என்றால் எல்லாம் இரண்டு. ஸ்பார்க் பிளக் இரண்டு, வால்வு வேலை இரண்டு மடங்கு. நிஞ்ஜாவுக்கு என்ஜின் ஆயிலே இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும்.

இதற்கு மேலே ஆர்சி 390, ஆர்எஸ் 457, கவாசாகி நிஞ்ஜா 500. அருமையான வண்டிகள், அதில் சந்தேகமில்லை. ஆர்சி 390-இல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் சாய்ந்த நிலையிலும் வேலை செய்யும். விலைக்கு இவ்வளவு வேகம் தரும் வண்டி அரிது. ஆனால் கீழ் ஆர்.பி.எம்-இல் அது அமைதியாக ஓடாது. ஊர்ந்து போகும் போக்குவரத்தில் கிளட்ச்சை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டியிருக்கும். மே மாதம் அண்ணா சாலை சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் அனல் முழுக்க முழங்காலுக்கு வரும். குனிந்து உட்கார்வதால் உடம்பின் எடை மணிக்கட்டில் இறங்கும். வாரம் ஆறு நாள் கிண்டியிலிருந்து சிறுசேரி வரை போய்வருபவர் இதை எடுத்தால் ஆறாம் மாதம் ஓஎல்எக்ஸில் விளம்பரம் போடுவார். மகாராஷ்டிராவின் பாராமதியில் தயாராகும் ஆர்எஸ் 457 இதைவிடப் பக்குவமானது. ட்வின் என்ஜின், 43.5 என்.எம். டார்க் (முறுக்குவிசை). கீழிருந்தே இழுக்கும், அதன் சத்தமே தனி. இந்தப் பட்டியலில் என் மனம் போகும் வண்டி அதுதான். ஆனாலும் 150-இலிருந்து வருபவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே 250, 300 என்று ஒரு வண்டியைச் சில வருஷம் ஓட்டியவருக்குச் சொல்வேன்.

பணக் கணக்கு 350 சிசி என்ற கோட்டில்தான் பிரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் 40 சதவீதம். வரிக்கு முன் இரண்டரை லட்சம் அடக்க விலையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், கோட்டுக்குக் கீழே 2.95 லட்சம், மேலே 3.50 லட்சம். சில கம்பெனிகள் கூடுதல் வரியில் ஒரு பங்கைத் தாங்களே ஏற்கலாம், ஆகவே ஷோரூமில் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேலான இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் சாலை வரி 12 சதவீதம். புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே கட்ட வேண்டும். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 சிசி வரை 7,365, அதற்கு மேல் 15,117. இதற்கு மேல் வரி. 155 சிசி ஆர்15-உம் 321 சிசி ஆர்3-உம் ஒரே கட்டண வகுப்பில் வருவதைக் கவனியுங்கள்.

ஒரு மாதத் தவணையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ரேடியல் டயர் மெத்தென்று பிடிக்கும், அதனாலேயே சீக்கிரம் தேயும். ஒரு தடவை சாய்ந்து விழுந்தால் ஃபேரிங், லீவர், கண்ணாடி என்று ஒரு மாதச் சம்பளம் போகலாம். வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் ரூபாயை முதலிலேயே தனியாக எடுத்து வைத்து நல்ல முழு ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்குங்கள். அந்தப் பணத்தை எடுத்தால் 400 சிசி வண்டி எட்டாது என்றால், அந்த வண்டி இப்போதைக்கு உங்களுக்கு எட்டவில்லை என்றுதான் பொருள்.

செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா? தாராளமாக, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன்மார் பெயின்டைப் பார்க்க மாட்டார்கள், போல்ட்டைத்தான் பார்ப்பார்கள். ஃபேரிங் போல்ட்டுகளின் தலை தேய்ந்திருந்தால் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, அது ஃப்ரேமில் போய் முட்டும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த ஸ்டாப்பர் நசுங்கியோ, புதுப் பெயின்ட் பூசியோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி, தண்டின் மேல் ஆயில் வளையம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூராகியிருந்தால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல்பக்க வார்ப்பு) தேயாமல் நன்றாக இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேலான டயர் இறுகிப்போய் மழையில் வழுக்கும். ஆர்சி புக்கில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, சலான் பாக்கி உண்டா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ்.

எந்த வண்டி எடுத்தாலும் பிரேக்கைப் புதிதாகப் பழக வேண்டும். ஸ்ப்ளெண்டரிலும் பல்சரிலும் வளர்ந்த கால் அவசரத்தில் பின் பிரேக்கைத்தான் மிதிக்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் பிரேக் பிடித்ததும் எடையின் பெரும்பகுதி முன்னால் போய்விடுவதால் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும், பெரும்பாலும் நிறுத்துவது முன் பிரேக்தான். காலியான ஒரு மைதானத்திலோ புது லேஅவுட்டிலோ 40 வேகத்தில் தொடங்குங்கள். முன் லீவரை மெதுவாக அழுத்தி, ஃபோர்க் கீழே இறங்குவதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். திடீரென்று பிடிப்பதற்கும் இப்படிப் பிடிப்பதற்கும் நிற்கும் தூரத்தில் உள்ள வித்தியாசத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துப் பாருங்கள். பிறகு 60. முடிந்தால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய் வாருங்கள். 3.7 கிலோமீட்டர் தடம், எதிரே லாரி கிடையாது, மாடு கிடையாது. ஈசிஆரில் பல வருஷம் ஓட்டினாலும் வராத நிதானம் அங்கே ஒரு நாளில் வரும்.

வீட்டில் ஒரே வண்டிதான், அம்மாவையோ மனைவியையோ அடிக்கடி பின்னால் கூட்டிப்போக வேண்டும் என்றால் மேலே சொன்ன ஸ்போர்ட்ஸ் பைக் எதுவும் ஒத்துவராது. பின் சீட் உயரம், குறுகல், பிடிக்க ஒன்றும் இருக்காது. அவர்கள் அப்பாச்சி ஆர்டிஆர் 310 போல ஃபேரிங் இல்லாத வண்டியைப் பார்க்கலாம். ஏறக்குறைய அதே என்ஜின், நேரான உட்காரும் நிலை. பழைய 150-ஐ விற்காமல் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அதற்குக் கிடைக்கும் சொற்ப விலையைவிட, மழை நாளிலும் மார்க்கெட்டுக்கும் அது செய்யும் வேலை அதிகம்.

டெஸ்ட் ரைடு கேட்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீர்கள். சாயங்கால நெரிசலில் அரை மணி நேரம் கேளுங்கள். ஒரு மேம்பாலம், ஒரு குறுகலான யு-டர்ன், ஒரு மோசமான தெரு இருக்கட்டும். யு-டர்னில் கிளிப்-ஆன் ஹேண்டில் டேங்கில் கையை இடிக்கிறதா, சிக்னலில் கால் முழுசாக ஊன்றுகிறதா, இறங்கியபின் மணிக்கட்டும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். அதே நாளில் ஆர்15, ஆர்ஆர் 310, ஆர்3 மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு எது என்பது பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.